கிட்டார் கம்பியின் கிரீச்: விரலில் தீர்வது எது, மைக்கில் தீர்வது எது

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரண்டு வருடமாக அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறார். வாசிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறதாம். போனில் பதிவு செய்து கேட்டால் கார்டு (பல கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கும் சுரக்கூட்டு) மாற்றும் இடமெல்லாம் ‘கிரீச்’ என்கிறது. தனித்தனி நோட்டாக வாசித்தால் பின்னால் வேறு ஏதோ ஒரு கம்பி ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அண்ணனுடைய எலக்ட்ரிக் கிட்டாரை இன்டர்ஃபேஸில் (கிட்டாரையும் மைக்கையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) செருகினால் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். விலை கூடிய கோட்டிங் கம்பி வாங்குவதா, சத்தம் நீக்கும் மென்பொருள் வாங்குவதா என்பது கேள்வி. கேட்டுப் பார்க்க இரண்டு பதிவுகளையும் அனுப்பியிருந்தார்.

தம்பி, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். தருமபுரியில் மாடியில் ஒரு சின்ன அறை வைத்துப் பல வருடமாகக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன், அதே அறையில் பதிவும் செய்கிறேன். உங்கள் பதிவுகளை ஹெட்ஃபோனில் மூன்று தடவை கேட்டேன். உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு இல்லை, மூன்று. மூன்றும் பிறக்கிற இடம் வேறு வேறு, மருந்தும் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘நாய்ஸ்’ என்று ஒரே பெயர் வைத்துவிட்டுக் கடைக்குப் போனால் காசுதான் போகும்.

முதலில் அந்தக் கிரீச். அக்கூஸ்டிக் கிட்டாரில் மிகத் தடித்த ஆறாவது கம்பியிலிருந்து மூன்றாவது வரை நான்கும் சுற்றுக்கம்பிகள். உள்ளே எஃகுக் கம்பி, அதன்மேல் வெண்கலக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். தடித்த கம்பியில் ஒரு சென்டிமீட்டருக்கு 20 சுற்றுக்கு மேல் இருக்கும். விரல் நுனியில் ரேகை இருக்கிறது. சீப்பின் பற்களில் நகத்தை இழுத்தால் எப்படிச் சத்தம் வருகிறதோ அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஃப்ரெட் என்பது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டி. ஏழாவது ஃப்ரெட்டிலிருந்து இரண்டாவது ஃப்ரெட்டுக்குக் கை இறங்குகிறது. 648 மில்லிமீட்டர் கம்பி நீளமுள்ள கிட்டாரில் அது சுமார் 14.5 சென்டிமீட்டர். அந்தத் தூரத்தில் விரல் ஏறக்குறைய 300 சுற்றுகளைத் தாண்டுகிறது. ஐந்தில் ஒரு நொடியில் தாண்டினால் நொடிக்கு 1500 உரசல். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. இந்த உரசலின் மேல்சுரங்கள் (அதன் மடங்குகளாகக் கூடவே ஒலிப்பவை) நேராக அங்கேதான் போய் விழுகின்றன. கிரீச்சின் அளவு கொஞ்சமாக இருந்தும் அது காதைக் குத்துவது இதனால்தான். கையைப் பாதி வேகத்தில் நகர்த்தினால் சத்தமும் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும், ‘சர்ர்’ என்று மழுங்கிப் போகும். உங்கள் அறையில் இப்போதே செய்து பார்க்கலாம்.

ஆக, கிரீச் வருவதற்கு மூன்று சேர வேண்டும்: சுற்றுக்கம்பி, அழுத்தம், நகர்வு. ஒன்றை எடுத்துவிட்டாலும் சத்தம் இல்லை. கம்பியை மாற்ற முடியாது, நகராமல் வாசிக்கவும் முடியாது. மிச்சம் இருப்பது அழுத்தம்.

பெரும்பாலோர் செய்யும் தவறு, அடுத்த கார்டுக்குக் கிளம்பும்போது அழுத்தத்தை விடாமலே விரலை இழுப்பது. கை அவசரத்தில் இருக்கிறது, விரல் கம்பியோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. இதைச் சொன்னதும் சிலர் நேர் எதிராகச் செய்வார்கள், தோசைக்கல்லில் சுட்டுக்கொண்டதுபோல வெடுக்கென்று கையை எடுப்பார்கள். அப்போது கிரீச் போய்விடும், ஆனால் விரல் விட்ட வேகத்தில் அந்தக் கம்பி திறந்த நிலையில் ‘டங்’ என்று ஒலிக்கும். ஒரு சத்தத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிய கதைதான்.

சரியான முறையில் மூன்று அசைவுகள் இருக்கின்றன. விரல் முதலில் தளர வேண்டும். கம்பி ஃப்ரெட்டை விட்டு எழும்பிவிடும், ஆனால் விரல் இன்னும் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தொடுகையிலேயே நோட்டு அடங்கிவிடும். அப்புறம் விரல் நேர் மேலே எழ வேண்டும், ஒரு காகிதம் நுழையும் அளவு போதும். அதற்குப் பிறகுதான் கை பக்கவாட்டில் நகர வேண்டும். எழுதினால் நீளமாகத் தெரிகிறது. பழகியபின் எல்லாம் சேர்த்து ஒரு தாளத் தட்டின் நான்கில் ஒரு பங்குகூட ஆகாது.

பழகுவதற்கு ஐந்தாவது கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டை ஒரு விரலால் பிடியுங்கள். நான்கு எண்ணுங்கள். ‘நாலு’ என்னும்போது தளருங்கள், கொஞ்சம் நிறுத்துங்கள். எழுங்கள், நிறுத்துங்கள். பத்தாவது ஃப்ரெட்டுக்குப் போங்கள். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 50 தட்டில் வைத்து, தினமும் ஐந்து நிமிடம் போதும். வேகம் தானாக வரும், நீங்கள் கூட்ட வேண்டாம். மூன்று வாரத்தில் உங்கள் காதுக்கே வித்தியாசம் தெரியும்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு மாணவி வருகிறார். புளி சீசனில் வீட்டில் எல்லோரும் புளி தட்டி, ஓடு உடைத்து, கொட்டை எடுப்பார்கள். விரல் நுனி காய்த்துப்போய் உப்புத்தாள் மாதிரி இருக்கும். வகுப்பிலேயே அவர் கிட்டார்தான் அதிகம் கீச்சிடும். அவருக்குச் சொன்ன ஒரே மாற்றம் இதுதான்: கம்பியோடு சேர்ந்து நகர்ந்தே ஆக வேண்டிய இடத்தில் விரலின் காய்த்த நுனியைக் கொஞ்சம் சாய்த்து, நுனிக்குக் கீழே உள்ள மெத்தென்ற சதையில் சறுக்குங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நுனியில் சறுக்கியபோது கிரீச், சதையில் சறுக்கியபோது வெறும் மூச்சுக்காற்று மாதிரி ஒரு சத்தம். கிளாசிக்கல் கிட்டார் வாசிப்பவர்கள் இதைப் பாடமாகவே படிக்கிறார்கள். காய்ப்பு ரொம்பவும் சொரசொரப்பாக இருந்தால் மிக நைசான உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிடலாம். பழைய கலைஞர்கள் வாசிப்பதற்கு முன் விரலை மூக்கோரத்தில் ஒரு தடவு தடவிக்கொள்வார்கள், அந்தத் துளி எண்ணெய்ப் பசையே போதும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். சுற்றுக்குள் இறங்கி அழுக்கைப் பிடித்து, ஒரே வாரத்தில் கம்பியின் குரலைக் கெடுத்துவிடும்.

இன்னொன்று, வழிகாட்டி விரல். ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு விரலைத் தூக்காமல் சறுக்கிக்கொண்டு போவது நல்ல பழக்கம்தான், கை தடுமாறாது. ஆனால் அந்த விரல் முதல் அல்லது இரண்டாவது கம்பியில் இருக்கட்டும். அவை சுற்றில்லாத வழவழப்பான கம்பிகள், சத்தமே வராது. உங்கள் முதல் பதிவில் நீங்கள் வழிகாட்டி விரலை ஐந்தாவது கம்பியில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாலே தெரிகிறது. உங்கள் கிரீச்சில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

இதெல்லாம் கைக்கு வந்தபின் கம்பியைப் பற்றிப் பேசலாம். எலிக்சர் நிறுவனம் 1997-ல் பாலிமர் பூச்சுள்ள கம்பியைக் கொண்டுவந்தது, இப்போது பலரும் செய்கிறார்கள். பூச்சு சுற்றுகளின் இடுக்கை மூடுவதால் கிரீச் குறையும், ஆயுளும் கூடும். குறையுமே தவிர நிற்காது. தட்டைச் சுற்றுக் கம்பியில் கிரீச் கிட்டத்தட்ட இல்லை, ஆனால் அக்கூஸ்டிக்கில் அதன் குரல் மந்தமாக இருக்கும். ஜாஸ் வாசிப்பவர்களுக்கும் பேஸ் கிட்டாருக்கும்தான் அது அழகு. சாதாரணக் கம்பியே போதும் என்றால், பதிவுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே மாட்டி வாசித்துப் பழக்குங்கள். புத்தம் புதுக் கம்பி போலக் கீச்சிடுவது வேறெதுவும் இல்லை. நம் தருமபுரி பட்டுக்கூடு அங்காடியைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று நினைவுக்கு வரும்: 1940களில் நைலான் வரும்வரை கிளாசிக்கல் கிட்டாரின் தடித்த கம்பிகளுக்கு உள்ளே இருந்தது பட்டு நூல்தான், மேலே உலோகச் சுற்று. மெல்லிய கம்பிகள் ஆட்டுக் குடலில் செய்தவை. சுற்று இருந்ததால் அந்தக் காலத்து விரல்களும் இதே கிரீச்சோடுதான் மல்லுக்கட்டியிருக்கும்.

இரண்டாவது கோளாறுக்கு வருகிறேன். பலர் இதைக் கவனிப்பதே இல்லை, என்னைக் கேட்டால் கிரீச்சைவிட இதுதான் வாசிப்பை அழுக்காக்குகிறது. நீங்கள் தொடாத கம்பி தானாக ஒலிப்பது.

ஐந்தாவது கம்பியைத் திறந்த நிலையில் பலமாக மீட்டி, இரண்டு நொடி கழித்து அதை மட்டும் விரலால் நிறுத்துங்கள். அறை அமைதியாக இருந்தால் முதல் கம்பி மெல்லிதாகப் பாடுவது கேட்கும். ஐந்தாவது கம்பி 110 ஹெர்ட்ஸ். அதன் மூன்று மடங்கான மேல்சுரம் 330. முதல் கம்பியின் சுருதி 329.6. ஒன்று அதிர்ந்தால் மற்றதும் கூட அதிரும். சிதாரில் இதற்கென்றே தனிக் கம்பிகள் வைத்திருக்கிறார்கள், அங்கே அது அழகு. தம்புரா கேட்டு வளர்ந்த காது நமக்கு, பின்னால் ஏதாவது ஒலித்துக்கொண்டிருந்தால் உறுத்துவதில்லை. ஆனால் தம்புரா பாட்டின் சுருதியில் நிற்கும், கிட்டாரின் திறந்த கம்பி அப்படி நிற்காது. நீங்கள் அனுப்பிய இரண்டாவது பதிவு எஃப் மேஜரில் இருக்கிறது. அந்த ஸ்கேலில் (சுர வரிசையில்) பி கிடையாது, அதற்கு அரைச்சுரம் கீழே உள்ள பி-ஃப்ளாட்தான் உண்டு. உங்கள் இரண்டாவது கம்பியோ சும்மா விட்டால் பி ஒலிக்கும். பாட்டு முழுக்க அந்த பி கசிந்துகொண்டே இருக்கிறது. நோட்டு எல்லாம் சரியாக வாசித்தும் ஏதோ கசப்பாக இருக்கிறதே என்று எழுதியிருந்தீர்களே, அது இதுதான்.

இதற்கு வேலையை இரண்டு கைக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். வாசிக்கிற கம்பியைவிடத் தடித்த கம்பிகளை அடக்குவது வலது கையின் பொறுப்பு. மெல்லிய கம்பிகளை அடக்குவது இடது கையின் பொறுப்பு. வலது உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க ஓரம் பிரிட்ஜுக்கு (கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் கட்டை) பக்கத்தில் தடித்த கம்பிகள்மேல் சாய்ந்திருக்க வேண்டும். நீங்கள் மெல்லிய கம்பிக்கு இறங்க இறங்க அந்த ஓரமும் கூடவே இறங்கி வர வேண்டும். கை அந்தரத்தில் தொங்கினால் ஐந்து கம்பிகளும் ஊர் சுற்றும்.

இடது ஆள்காட்டி விரலுக்கு ஒரே நேரத்தில் மூன்று வேலை. நாலாவது கம்பியில் ஒரு நோட்டு பிடிக்கிறீர்கள் என்று வையுங்கள். விரல் அதை அழுத்துகிறது. விரலின் நுனி ஒரு இழை மேலே நீண்டு ஐந்தாவது கம்பியைத் தொடுகிறது. விரலின் அடிச்சதை படுத்து மூன்றாவது, இரண்டாவது, முதல் கம்பிகள்மேல் இறகு மாதிரி கிடக்கிறது. அழுத்தக் கூடாது, தொட்டால் போதும். விரலை வில்லாக வளைத்து நுனியில் மட்டும் நிற்கவைக்கச் சொல்லித்தான் தொடக்கத்தில் எல்லோரும் கற்றுக்கொடுக்கிறோம், திறந்த கார்டுகளுக்கு அது தேவை. தனி நோட்டு வாசிக்கும்போது அந்த வளைவைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். ஆறாவது கம்பிக்குக் கட்டைவிரலை மேலே எட்டிப் பார்க்க வைத்தும் அடக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ஒரே விரலால் அடக்கும்போது அது ஐந்தாவது, ஏழாவது, பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் பட்டிக்கு நேர் மேலே அமைந்துவிட்டால் கம்பி அடங்காது, மணி மாதிரி ஹார்மோனிக் ஒலிக்கும். அந்த இடங்களில் இரண்டு விரலாவது தொட வேண்டும்.

சோதனை எளிது. ஒரு ஸ்கேலை மெதுவாக வாசியுங்கள். ஒவ்வொரு நோட்டுக்குப் பிறகும் அந்த நோட்டை மட்டும் நிறுத்திவிட்டு இரண்டு நொடி காத்திருங்கள். முழு அமைதி வந்தால் அடுத்த நோட்டு. ஏதாவது மிச்சம் ஒலித்தால் எந்தக் கம்பி என்று கண்டுபிடித்து, அதற்குப் பொறுப்பான கை எது என்று பாருங்கள். பதிவில் அவசரம் என்றால் நட்டுக்கு (கழுத்தின் முனையில் கம்பிகள் தாண்டிச் செல்லும் சின்னக் கட்டை) பக்கத்தில் கம்பிகள்மேல் ஒரு துணி ஹேர்பேண்டைச் சுற்றிக்கொள்ளலாம், ஃபேன்சி ஸ்டோரில் கிடைப்பதே போதும். திறந்த கம்பி வராத பகுதிக்கு மட்டும்தான் இது ஆகும். நட்டுக்கும் முறுக்காணிக்கும் நடுவில் இருக்கும் துண்டுக் கம்பிகூட ஒலிக்கும். வெட்டி வெட்டி வாசிக்கும் பகுதியில் அங்கே கொஞ்சம் துணியைச் செருகிவையுங்கள்.

மூன்றாவது, எலக்ட்ரிக்கின் ‘ம்ம்ம்’. இதற்கும் உங்கள் விரலுக்கும் சம்பந்தமில்லை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதையும் அதன் மடங்குகளையும், கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பின் சுருள் ஆன்டெனா மாதிரி பிடிக்கிறது. ஒற்றைச் சுருள் பிக்கப் என்றால் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். 1955-ல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கர் செய்தது இந்த இரைச்சலை ஒழிக்கத்தான். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா பாருங்கள். குறைந்தால் கிட்டார் வயரிங் சரி, சுற்றுப்புறத்தில்தான் கோளாறு. லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் பதிவு செய்யுங்கள், பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். ஃபேன் ரெகுலேட்டர், டியூப்லைட், போன் எல்லாம் தள்ளி இருக்கட்டும். நாற்காலியோடு மெதுவாகச் சுற்றுங்கள், ஏதோ ஒரு திசையில் இரைச்சல் வெகுவாக இறங்கும், அங்கேயே உட்கார்ந்து வாசியுங்கள். கரண்ட் போய் சாதாரண இன்வெர்ட்டர் ஓடும்போது பதிவு வேண்டாம்.

எர்த்தும் பார்க்க வேண்டும். நம் பக்கம் பாறை மண், கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். ஒரு மே மாதம் என் அறையில் திடீரென்று இரைச்சல் கூடியது. எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றினார், அன்று மாலையே தணிந்தது. எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகினால் சத்தம் போய்விடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஆம்ப்ளிஃபையரில் கோளாறு என்றால் கம்பி வழியாக மின்சாரம் உங்கள் கைக்கு வரும். உயிர் போகிற விஷயம் இது.

கோடை என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வறண்ட காற்றில் கிட்டாரின் மரம் சுருங்கி, மேல்பலகை தாழ்ந்து, கம்பி ஃப்ரெட்டில் பட்டு ‘ஸ்ர்ர்’ என்று அதிரும். முதல் ஃப்ரெட்டையும் கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் ஏழாவது ஃப்ரெட்டில் கால் மில்லிமீட்டர் அளவு இடைவெளி தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கழுத்துக்கு உள்ளே இருக்கும் இரும்புத் தண்டைத் திருகத் தெரிந்தவரிடம் கொடுங்கள். தகரக் கூரைக்குக் கீழேயும் வெயிலில் நிற்கும் காரிலும் கிட்டாரை வைக்காதீர்கள்.

இப்போது பதிவு. வாசிக்கும்போது கேட்காத கிரீச் பதிவில் மட்டும் ஏன் பெரிதாகிறது? பெரும்பாலான போன்கள் சத்தம் குறைந்த இடத்தில் தாமாகவே அளவைக் கூட்டிவிடும். கார்டுக்கும் கார்டுக்கும் நடுவில் கிட்டார் அடங்கும் அந்த நொடியில்தான் போன் காதைத் தீட்டுகிறது, கிரீச்சும் அதே நொடியில்தான் வருகிறது. பெரிய சத்தத்தை அடக்கிச் சின்னதைத் தூக்கிக் காட்டும் கம்ப்ரஸர் போட்டாலும் இதே கதை. அதனால் இன்டர்ஃபேஸில் மைக் வைத்துப் பதிவு செய்யுங்கள், கம்ப்ரஸரைக் குறைவாகவே போடுங்கள்.

மைக்கைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேராக ஒரு அடி தள்ளி வைப்பது எல்லோரும் தொடங்கும் இடம். கிரீச் அதிகம் என்றால் மைக்கின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிட்ஜ் பக்கம் திருப்புங்கள், இடது கை அதன் பக்கவாட்டுக்குப் போய்விடும். ஒலித்துளைக்கு நேராக மட்டும் வேண்டாம், குடத்துக்குள் பேசுவதுபோல ‘பொம்’ என்று ஊதும். மேல் ஒலிகளைத் தூக்கிக் காட்டும் கண்டென்ஸர் மைக்கைவிட, மேடையில் பாடும் சாதாரண டைனமிக் மைக் கிரீச்சை மன்னிக்கும். காவேரிப்பட்டணத்தில் நெடுஞ்சாலை லாரிச் சத்தம் எந்நேரமும் இருக்கும், ஜன்னலை அடைத்து மெத்தையைச் சாய்த்து வையுங்கள். வாசிக்கும் முன் பத்து நொடி அறையின் வெறும் அமைதியையும் பதிவு செய்துகொள்ளுங்கள், பின்னால் ஒட்டுப் போட உதவும்.

எடிட்டிங்கில், கிரீச் வரும் இடத்தை வெட்டி எடுக்காதீர்கள், பல்லு விழுந்த இடம் மாதிரி ஓட்டை தெரியும். அந்தத் துளி இடத்தில் மட்டும் அளவை 6 டெசிபல் போல இறக்குங்கள், முன்னும் பின்னும் சரிவாக. கூர்மையான ஒலிகளை மட்டும் அடக்கும் டீ-எஸ்ஸரை 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் பகுதியில் லேசாகப் போடலாம். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரல் எடிட் இருக்கிறது, அதில் நோட்டுகள் படுக்கைக் கோடாகவும் கிரீச் சாய்ந்த கோடாகவும் தெரியும், சாய்ந்ததை மட்டும் மங்கவைக்கலாம். சத்தம் நீக்கும் மென்பொருளான ஐசோடோப் ஆர்எக்ஸில் கிட்டாருக்கென்றே தனிப் பகுதி உண்டு, விலை அதிகம், உங்களுக்கு இப்போது அவசியமில்லை. நாய்ஸ் கேட் கிட்டார் சும்மா இருக்கும்போது இரைச்சலை மூடுமே தவிர, வாசிக்கும்போது ஒன்றும் செய்யாது. அளவை அதிகம் வைத்தால் நோட்டின் வாலையும் நறுக்கிவிடும்.

இதையெல்லாம் கிட்டாரைத் தனியாக ஒலிக்கவிட்டு முடிவு செய்யாதீர்கள். குரலையும் மற்ற வாத்தியங்களையும் சேர்த்து ஓட்டினால் பாதிக் கிரீச் தானாகவே மறைந்துவிடும். மிச்சமாக உறுத்துவதை மட்டும் தொடுங்கள். உங்கள் இரண்டாவது பதிவில், பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் முன் ஒரு நீளமான கிரீச் இருக்கிறது. கை மேலிருந்து கீழே இறங்கி வருவது அதில் கேட்கிறது, கேட்பவருக்கு மூச்சு விட்டதுபோல இருக்கிறது. அதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.